கேசரியில் ஊற்றிய சென்ட்டு

விருத்தாசலம்
4-8-2003

சிவசங்கரிக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஓசூரில் வெயில் இல்லை, தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்று என் மகன் வளவன் போனில் சொன்னான். நீ நன்றாகத்தான் இருப்பாய்.

உன் சாமான் ஒன்று என் வீட்டில் கிடக்கிறது. அந்தச் சென்ட்டு பாட்டில். கல்யாணமாகி வந்த மூன்றாம் வாரமே கோபித்துக்கொண்டு பெட்டியோடும் புருஷனோடும் பஸ் ஏறினாயே, இதை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனாய்? நான் தினமும் பார்த்து வயிறெரிய வேண்டும் என்றா?

நடந்ததை நீ உன் அம்மா வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். என் பக்கத்தையும் கேள். மறுவீட்டு விருந்தன்று அடுப்படியில் நான் ஒருத்திதான் வெந்துகொண்டிருந்தேன். கேசரி இறக்குகிற நேரத்தில் ஏலக்காயைக் காணவில்லை. தேடினால் அலமாரியில் தேன் நிறத்தில் ஒரு சின்ன பாட்டில். நான் எட்டாவது படித்தவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வெனிலா என்று படித்தேன். திறந்தால் கிராம்பு, பட்டை, ஏலம் எல்லாம் கலந்து இனிப்பாக மணந்தது. பேக்கரிக்காரன் கேக்கில் ஊற்றுகிற எசென்ஸ், பட்டம் படித்த மருமகள் வாங்கி வைத்திருக்கிறாள் என்று நம்பி ஒரு மூடி ஊற்றிக் கிளறினேன். சென்ட்டை அடுப்படியில் வைப்பாள் ஒருத்தி என்று நான் கண்டேனா?

உன் சின்ன மாமனார் பக்கிரி முதல் வாயிலேயே துப்பினார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக இலையை மூடினார்கள். நீ சிரித்தாய். பந்தியில் நின்று, எல்லாரும் பார்க்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை.

பாட்டில் வேண்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுது. பதில் வராவிட்டால் சாக்கடையில் கொட்டிவிடுவேன்.

வளவனின் அம்மா,
கொளஞ்சியம்மாள்


ஓசூர்
11-8-2003

அத்தைக்கு,

கொட்டிவிடுங்கள்.

இந்த ஒரு வார்த்தையோடு கவரை ஒட்டிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் கிழித்து எழுதுகிறேன்.

நான் சிரித்தது உண்மை. உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. துப்பிவிட்டு வந்த சின்ன மாமா, வாயிலிருந்து கல்யாண வாசனை அடிக்க, "உப்பு கொஞ்சம் தூக்கல்"னு சொன்னார். அதற்குத்தான் சிரித்தேன். நான் சிரித்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நான் சொல்கிறேன். "குடும்பத்துப் பொம்பள பூசுற வாசனையாடி இது? தெருவுல நிக்கிறவளுக்குத்தான் இது ஆவும்." என் அப்பா அம்மா பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன்னால் என் மாமனார் உங்களைப் பார்த்து, "ஒனக்கெல்லாம் இங்கிலீசு ஒரு கேடா"ன்னு கேட்டார். உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். உங்களைத் திட்டியது மாமா. நீங்கள் திருப்பித் திட்டியது என்னை.

சென்ட்டை அடுப்படியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. சூடும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டுவிடும். அந்த வீட்டிலேயே இருட்டான, குளிர்ந்த இடம் உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டுதான். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் என் சிநேகிதி மதிவதனி அனுப்பியது அது. நான் பரீட்சைக்கும் பூசிக்கொண்டு போனேன், பெண் பார்க்க நீங்கள் வந்த அன்றும் பூசியிருந்தேன். அன்று உங்களுக்கு அது நாறவில்லை.

நீங்கள் பாட்டில் வாயை முகர்ந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். சென்ட்டை அப்படிப் பார்க்கக் கூடாது. தோலில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் மிளகும் கிராம்பும் மூக்கைக் குத்தும். பொறுத்திருந்தால் அது அடங்கி ஏலமும் பட்டையும் தெரியும். அதற்கும் அப்புறம், உடம்புச் சூட்டில், வெனிலா மெல்ல வெளியே வரும். அதுவரை காத்திருக்காமல் கொட்டப் போகிறீர்கள் என்றால் தாராளமாகக் கொட்டுங்கள்.

சிவசங்கரி


விருத்தாசலம்
20-8-2003

சிவசங்கரிக்கு,

உனக்கு வாய் மட்டும் இல்லை, எழுதுகிற கையும் நீளம்.

உன் கடிதத்தைப் பீங்கான் கம்பெனியில் ஆதிலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். என் பக்கத்து மேசைக்காரி. அச்சிலிருந்து எடுத்த, சுடாத பச்சைக் களிமண் பொம்மைகளின் ஓரத்தை இருவரும்தான் ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிறோம். "போட்டுப் பாத்துட்டே திட்டுக்கா, அப்பத்தான் நம்ம வாய்க்கு வலு"ன்னு சொன்னாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

ஆகவே உனக்காக இல்லை, உன் குற்றத்தைச் சாட்சியோடு நிரூபிப்பதற்காகத் திங்கட்கிழமை குளித்துவிட்டு இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தேன். வைத்ததும் நீ சொன்ன குத்தல். தும்மினேன். பார், நான் சொன்னது சரிதான் என்று சந்தோஷமாகக் கிளம்பினேன். பாலத்தில் ஏறும்போது அது அடங்கிவிட்டது. கம்பெனியில் கையை ஈரக் களிமண்ணில் வைத்ததும் சுத்தமாகப் போய்விட்டது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தேன்.

காய்ந்த பொம்மைகளைப் பலகையோடு தூக்கிக்கொண்டு சூளைப் பக்கம் போனேன். அங்கே உடம்பு சுட்டதும் கிளம்பியது பார். "ஆரு வூட்டுல பாயசம்? சொல்லாம கொள்ளாம திங்கிறீங்களா"ன்னு ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி தூக்குவாளிகளைத் திறந்து திறந்து மூடினாள். முதலாளி நடராசன் ஆபீஸ் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஆருக்குமா பொறந்த நாளு?" என்றார். நான் பலகையை இறக்குவதில் மும்முரமாக இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில்தான், "நாந்தான் பூசிக்கிட்டு வந்தேன், இப்ப என்னா?" என்று கையை நீட்டினேன். அத்தனை பேரும் வரிசையாக வந்து முகர்ந்தார்கள். கையை இழுத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டில் அரிசி களையும்போதும் அது இருந்தது. அப்போது காரம் எதுவும் இல்லை. வெல்லம் போட்ட அடை சூடாக இருக்கிற மாதிரி, ஆனால் தின்கிற வாசனையும் இல்லை. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு வாசனை. எனக்கு எழுதத் தெரியவில்லை. இத்தனை வருஷமாக என் உடம்பில் களிமண் வாடையும் சூளைப் புகையும்தான் தெரியும். மணிக்கட்டு வேறு யாருடையதோ போல இருந்தது. திரும்பத் திரும்ப முகர்ந்தேன்.

நாறுகிறது என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மற்றது எதையும் வாங்கவில்லை. பாட்டிலை இன்னும் கொட்டவில்லை. ஒரு நாள் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

கொளஞ்சியம்மாள்


ஓசூர்
2-9-2003

அத்தைக்கு,

முதலாளி பிறந்த நாளா என்று கேட்டதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். இந்தத் தடவை உங்களைப் பார்த்துத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சோதனையை ஒழுங்காகச் செய்வதானால் சில விஷயம் தெரிய வேண்டும். வைத்ததும் மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்காதீர்கள், முதல் வாசனை நசுங்கிவிடும். உங்கள் தோல் களிமண்ணில் காய்ந்து கிடக்கும், அதனால் முதலில் துளி தேங்காய் எண்ணெய் தடவி அதன்மேல் வையுங்கள், நாள் முழுக்க நிற்கும். பட்டுப்புடவையில் படக் கூடாது, கறை விழும். வெயில் காலத்தில் ஒரு சொட்டே அதிகம், திகட்டும். ஐப்பசி மழையிலும் மார்கழிக் குளிரிலும்தான் இது நன்றாக இருக்கும். காதுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள்.

பாட்டிலை எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள், எனக்கு இப்போது எந்த வாசனையும் ஆகவில்லை. பவுடர், ஊதுபத்தி, தாளிக்கிற வாசனை, எது வந்தாலும் வாசலுக்கு ஓடுகிறேன். அந்தச் சென்ட்டை நினைத்தாலே குமட்டுகிறது.

மாமா என்ன சொன்னார்? நீங்கள் எழுதவே இல்லையே.

சிவசங்கரி


விருத்தாசலம்
12-9-2003

சிவசங்கரிக்கு,

எனக்குப் புரியாது என்று நினைத்து எழுதினாயா, புரியட்டும் என்று எழுதினாயா? எத்தனை நாள் தள்ளிப் போயிருக்கிறது? டாக்டரைப் பார்த்தாயா? அந்த மகராசன் வளவன் போனில் மூச்சு விடவில்லையே! பப்பாளியும் அன்னாசியும் தொடாதே. மாடிப்படி அதிகம் ஏறாதே. கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டிக்கொண்டு திருநீறு வைத்திருக்கிறேன், இதோடு அனுப்புகிறேன்.

உன் மாமாவைப் பற்றிக் கேட்டாய். முதல் வாரம் அவர் கண்டுகொள்ளவில்லை. காதுக்குப் பின்னால் வைத்த அன்று சோறு போடக் குனிந்தேன், தட்டைத் தள்ளினார்.

"என்னாடி இது, கல்யாண வூடு கணக்கா மணக்குது?"

"நாந்தான்."

"இந்த வயசுல ஆருக்காவ?"

"எனக்காவ."

சாப்பிடாமலே கையைக் கழுவினார். எழுந்து போய்விட்டார். மறுநாள் ஜங்ஷன் பக்கம் அவருடைய சைக்கிள் ஸ்டாண்டுக்குச் சோறு கொண்டுபோனேன். என்னை வாசலிலேயே நிறுத்தி, "இப்டியே வராத, நாலு பேரு வந்து போற எடம்" என்றார். நாலு பேர் வந்து போகிற இடத்துக்கு முப்பது வருஷமாகச் சேறும் சகதியுமாக வந்தேனே, அப்போது தெரியவில்லையா?

இன்னொன்று கேள். நடராசன் முதலாளியைப் பார்த்து என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "சென்ட்டு பூசுனாங்கன்னு ஆளை நிறுத்த முடியுங்களா, போங்க அண்ணே"ன்னு அவர் சிரித்து அனுப்பிவிட்டார். 

நான் விடப் போவதில்லை. தினமும் பூசுகிறேன். இனிமேல் நீ கம்பெனி விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வரும் தபாலை உன் மாமா பிரிக்கிறார்.

கொளஞ்சியம்மாள்


ஓசூர்
3-12-2003

அத்தைக்கு,

வாந்தி நின்றுவிட்டது. வயிறு தெரிகிறது. இவர் தினமும் ஆரஞ்சுப்பழம் வாங்கி வருகிறார்.

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாமா ஸ்டாண்டிலிருந்து இவருக்கு அடிக்கடி போன் செய்கிறார். அங்கே ஆட்கள் சாடைமாடையாகப் பேசுகிறார்களாம். வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நீங்கள் அந்தச் சென்ட்டை விட்டு, ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால்தான் வளைகாப்பை அந்த வீட்டில் வைப்பேன் என்கிறாராம்.

வயசான காலத்தில் ஒரு பாட்டிலுக்காக வீட்டு நிம்மதி கெடக் கூடாது அத்தை. கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். விட்டுக்கொடுப்பதில் தோல்வி எதுவும் இல்லை. குழந்தை வரும்போது வீடு அமைதியாக இருக்க வேண்டும் அல்லவா?

சிவசங்கரி


விருத்தாசலம்
15-12-2003

சிவசங்கரிக்கு,

இது உன் கடிதம் இல்லை. "அனுசரித்து" என்பது உன் வார்த்தையே இல்லை. என் மகன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். ஒரு சொல்லுக்காக மூன்றாம் வாரமே பெட்டியைத் தூக்கியவள் நீ. உன்னை வைத்தா எனக்கு அனுசரித்துப் போகச் சொல்லித்தருகிறான்?

நான் அனுசரிக்காதவளா? கல்யாணத்துக்கு முன் நான் நல்லூரில் சைக்கிள் ஓட்டினேன். சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிற மனுஷன் பெண்டாட்டி சைக்கிள் ஓட்டக் கூடாது என்றார், விட்டேன். தலையில் பூ ஒரு முழத்துக்கு மேல் கூடாது என்றார், விட்டேன். மாசி மகத்துக்குப் போனால் கூட்டத்தில் இடிப்பான்கள் என்றார், ஆற்றங்கரை நாலு தெரு தள்ளி இருந்தும் போகாமல் விட்டேன். எனக்குச் சிரிப்புச் சத்தம் பெரிசு. அதையும் குறைத்தேன். இப்போது விடுவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை, இது ஒன்றைத் தவிர. இதை விட மாட்டேன்.

அதற்குள் அவரே முடித்துவிட்டார். முந்தின வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தால், பாட்டிலைச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறார். எந்தச் சுவர் தெரியுமா? அவர் கட்டிலின் தலைமாட்டுச் சுவர்.

அந்தச் சுவர் வெறும் சிமெண்டு, சுண்ணாம்புகூட அடிக்காதது. பளபளப்பு ஏற்றாத கோப்பையில் தண்ணீர் விட்டால் எப்படிக் குடிக்கும் என்று எங்கள் கம்பெனிக்கு வந்து பார். அந்த மாதிரி ஒரே மூச்சில் குடித்துவிட்டது. சோடா உப்புப் போட்டுத் தேய்த்தார். பினாயில் ஊற்றினார். பினாயில் வாசனை மறுநாளே போய்விட்டது. இது போகவில்லை. பகலில் தகரக் கூரை சுட்டதும் அறை முழுக்க வெனிலா. அவர் தலையணை, வேட்டி, துண்டு எல்லாம் அதுதான். ஸ்டாண்டுக்குப் போனால், "என்னா கோவிந்தராசண்ணே, புது மாப்ள கணக்கா வரீங்க"ன்னு கேட்கிறார்களாம்.

எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. கண்ணாடித் துண்டு பொறுக்கும்போது விரலில் கீறியும்விட்டது. அப்புறம் அவர் துண்டை முகர்ந்து முகம் சுளிப்பதைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன். சத்தமாக.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். அதை வளவனுக்கும் படித்துக் காட்டு.

கொளஞ்சியம்மாள்


ஓசூர்
28-12-2003

அத்தைக்கு,

படித்துக் காட்டினேன். புது மாப்பிள்ளை என்ற இடத்தில் இவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டார். பிறகு, "அம்மா சைக்கிள் ஓட்டுவாங்களா? எனக்குத் தெரியாதே" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் கண்டுபிடித்தது சரி. சொன்னது இவர், ஆனால் எழுதிய கை என்னுடையது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வளைகாப்பு மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்க வேண்டும், அங்கிருந்துதான் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று என் அம்மா பிடிவாதமாக இருக்கிறார். எனக்கு மாமா வீட்டு வளைகாப்பு வேண்டாம் அத்தை. நீங்கள் தலை குனிந்து நிற்கிற வீட்டில் நான் வளையல் போட்டுக்கொள்ள மாட்டேன். நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே போடுங்கள். தெருமுனையாக இருந்தாலும் வருகிறேன்.

இதை யாரும் சொல்லி எழுதவில்லை.

சிவசங்கரி


விருத்தாசலம்
24-1-2004

சிவசங்கரிக்கு,

தெருமுனை வேண்டாம். நடராசன் முதலாளி, பொம்மை காயவைக்கிற ஷெட்டை வருகிற மாதம் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமைக்குத் தருகிறேன் என்றிருக்கிறார். தை பிறந்துவிட்டது, நாளும் நன்றாக இருக்கிறது. கம்பெனிப் பெண்கள் அத்தனை பேரும் வருகிறார்கள். எலுமிச்சை சாதமும் புளி சாதமும் ஆதிலட்சுமி வீட்டில் கிளறுகிறோம். உன் அம்மா ஷெட்டைப் பார்த்து முகம் சுளித்தால் சுளிக்கட்டும், தரையைக் கழுவிக் கோலம் போட்டுத்தான் வைப்பேன்.

உன் மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "வாசப்படியத் தாண்டுனா திரும்பி வராத"ன்னார். "சரி"ன்னேன்.

வளவனை முதல் நாளே வந்து சேரச் சொல். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்.

கொளஞ்சியம்மாள்


திட்டக்குடி
11-2-2004

அத்தைக்கு,

அம்மா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வழி முழுக்க என் அம்மா ஷெட்டைப் பற்றியே பேசினார். முகம் சுளிக்கவில்லை. "அந்தப் பொம்பளைங்க மாதிரி ஒருத்தரும் மனசு வெச்சு சந்தனம் பூசுனதில்லடி" என்றார்.

எனக்கும் அதுதான். எல்லாரும் கையைக் கழுவிவிட்டுத்தான் வந்தார்கள், ஆனால் நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் இருந்தது. என் கன்னத்தில் சந்தனத்தோடு அதுவும் ஒட்டியது. பலகைகளில் சுடாத பொம்மைகள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்க, கை நிறைய வளையலோடு நான் உட்கார்ந்திருந்தேன். முதல் வளையலை நீங்கள் போட்டபோது உங்கள் கழுத்துப் பக்கம் குனிந்தேன். சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. அப்போதுதான் பாட்டில் போய்விட்டது எனக்கு உறைத்தது. அழுகையை அடக்க முடியவில்லை. வலிக்கிறதா என்று எல்லாரும் கேட்டார்கள்.

கிளம்பும்போது ஆதிலட்சுமி அக்கா என்னைத் தனியாக அழைத்து, மாமா காலையிலேயே வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எனக்குப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தீர்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள்? ஓசூருக்குப் போய்விடுங்கள் அத்தை, இவர் தனியாகத்தான் இருக்கிறார். பிரசவம் முடிந்து நானும் அங்கேதான் வரப் போகிறேன். உங்களோடு இருக்க எனக்கு ஆசை. முன்பு இருந்த பயம் இப்போது இல்லை.

மதிவதனிக்கு எழுதி அதே சென்ட்டை இன்னொரு பாட்டில் அனுப்பச் சொல்லவா?

சிவசங்கரி


விருத்தாசலம்
27-2-2004

சிவசங்கரிக்கு,

ஓசூருக்குப் போக மாட்டேன். நீ கூப்பிட்டது எனக்கு ரொம்பச் சந்தோஷம், அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஆனால் என் வேலை இங்கே இருக்கிறது, என் வீடும் இங்கேதான் இருக்கிறது. பூட்டியிருந்தால் என்ன? நான் கதவைத் தட்டவில்லை. நேராக ஆதிலட்சுமி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவளும் தனிக்கட்டைதான். சாயங்காலம் இருவரும் சேர்ந்து சமைத்து, வாய் வலிக்கப் பேசி, தூங்குகிறோம்.

மதிவதனிக்கு எழுதாதே. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு வாரம் உன் மாமா ஓட்டலில் சாப்பிட்டார். அப்புறம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி கேட்டில் வந்து நின்றார். பெண்கள் எல்லாரும் மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தோம். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

"வூட்டுக்கு வா" என்றார்.

"வரேன். சென்ட்டு பூசிக்கிட்டுதான் வருவேன்."

"பூசிக்க. ஆரு வேணாங்குறா?"

"பாட்டில ஒடச்சது ஆரு? வாங்கிக் குடுங்க. நீங்களே கடைக்குப் போயி, நீங்களே கேட்டு வாங்கிட்டு வரணும்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் எல்லாரையும் பார்த்தார், தரையைப் பார்த்தார், போய்விட்டார். அவ்வளவுதான், இனி வர மாட்டார் என்று நினைத்தேன். அன்று வேலையே ஓடவில்லை. ஒரு பொம்மையின் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சப்பையாக்கிவிட்டேன்.

மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். துண்டுக்குள் மறைத்து ஒரு பாட்டில். திறந்தேன். மல்லிகை. "இது இல்ல" என்று திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாள் ரோஜா. அதற்கடுத்த நாள் சந்தனம். அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

"அது பேரு என்னான்னு சொல்லித் தொலையேன்!" என்றார்.

"பேரு சொல்ல மாட்டேன். ரெண்டு மாசம் அதுலயேதான படுத்து எழுந்தீங்க. மூக்கால தேடுங்க."

ஆதிலட்சுமி நேற்றுக் கடைவீதிக்குப் பொட்டு வாங்கப் போனாள். பேன்சி ஸ்டோரில் உன் மாமா கல்லாப் பக்கம் நிற்கிறாராம். கண்ணாடி மேசை முழுக்க பாட்டில்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையில் தேய்த்து முகர்கிறார். காலேஜுப் பெண்கள் வந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கடைக்காரப் பெண் அலுத்துப்போய், "எல்லாம் ஒண்ணுதாங்க, இத எடுத்துக்குங்க" என்று எதையோ நீட்டியிருக்கிறாள். இவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இல்லம்மா, எம் பொண்டாட்டிக்குப் புடிச்சது இது இல்ல" என்றாராம்.

அதை ஆதிலட்சுமி சொன்னபோது நான் அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். எனக்கென்று பிடித்தது ஒன்று உண்டு என்று அந்த மனுஷன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அதுவும் கடைவீதியில், நாலு பேர் பார்க்க.

"போதும்க்கா, பாவம், எவ்ளோ நாளு அலைவாரு"ன்னு ஆதிலட்சுமி சொல்கிறாள்.

பாவம்தான். அலையட்டும்.

உன் அத்தை,
கொளஞ்சியம்மாள்